முள் எங்க நிக்குது

அந்த மேட்டுச் சாலையில் கார் ஏறும்போதெல்லாம் முட்டி டாக்டரின் பார்வை சாலையில் பாதியும் டாஷ்போர்டில் பாதியுமாக இருக்கும். அவள் படித்தது இயன்முறை சிகிச்சை. ஆபரேஷன் முடிந்து மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் முட்டிகளை வீடு வீடாகப் போய் மடக்க வைப்பதுதான் வேலை என்பதால் நோயாளிகளே அவளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

காருக்குப் பன்னிரண்டு வயது. இத்தனை வருடமாக வெப்பத்தைக் காட்டும் முள் நடுவில் நின்றால் நின்றதுதான், அசையாது. இரண்டு மாதமாகத்தான் அதற்கு என்னவோ பிடித்துக்கொண்டது. மேடு ஏறும்போது முக்கால் வரை போகும். உச்சிக்குப் போனதும் ஒன்றுமே நடக்காதது போலச் சடாரென்று கீழே விழும். சிக்னலில் நின்றால் மறுபடி ஏறும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிவப்புக் கோட்டையே தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி, ஆவி அடங்கும்வரை நாற்பது நிமிடம் ஒரு மதிலில் சாய்ந்து நின்றாள். அன்றுதான் பக்கவாதம் வந்த தையல்காரர் ஒருவரை முதல்முறையாகப் படியிறக்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் ஷூ மாட்டிக்கொண்டு, காத்திருந்து காத்திருந்து, ஷூவோடே தூங்கிப்போயிருந்தார்.

அதற்குள் மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாகிவிட்டது. முதலாமவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டாமவர் ரேடியேட்டர் மூடியையும் ஃபேனையும் மாற்றினார். மூன்றாமவர் பாக்கெட்டில் விட்ட கையை வெளியே எடுக்காமலே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்மா. இஞ்சினை இறக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வித்துடலாம்" என்றார் அவள் கணவர்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். தெருவில் எல்லோருக்கும் வாத்தியார். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேருக்குக் கிளட்சும் கியரும் பழக்கிவிட்டவர்.

"வித்துட்டு நான் பஸ்ல போய்ப் போய் முட்டி மடக்கவா? என் முட்டியே போயிடும்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க தம்பி கிட்ட காட்டப் போறேன்."

வாத்தியார் எழுந்து போய், ஏற்கனவே மூடியிருந்த ஜன்னலை மறுபடி மூடினார்.

அண்ணனும் தம்பியும் பேசி நான்கு வருடம் ஆகிறது. தம்பிக்கு வீட்டில் மூக்கன் என்று பெயர். எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படி. ஊரின் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் அவன் தலைமை மெக்கானிக்காக இருந்தான். அண்ணனின் அப்போதைய வண்டிக்கு அவன்தான் பிரேக் போட்டுக் கொடுத்தான். மறுநாளே, நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்பக்கம் வாத்தியார் மோதினார். இடது முட்டி நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக் பிடிக்கல." அந்த ஒரு வார்த்தை ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. சொந்த அண்ணனின் வண்டிக்கே ஒழுங்காக பிரேக் போடத் தெரியாதவன் என்று ஆனபிறகு, ஒர்க்‌ஷாப் முதலாளி மூக்கனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவன் ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்டுச் சொந்தமாக ஒரு ஷெட் வைத்துக்கொண்டான்.

கணவரின் இடது முட்டியை மறுபடி மடக்க வைத்தது அவள்தான். ஆறு மாதம் தினமும் அந்தக் காலைப் பிடித்தவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பிரேக் பிடிக்காத வண்டியில் இருப்பவன் உயிர் பயத்தில் வலது காலால்தான் முழுப் பலத்தோடு மிதிப்பான். மோதும்போது அடி அந்தக் காலில்தான் இறங்கும். இவருடைய வலது காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு புருஷனிடம் என்ன கேட்பது?

ஆனால் மூக்கன் மனைவியோடு அவளுக்கு ஒருநாளும் பேச்சு விட்டுப்போனதில்லை. ஓரகத்திகள் இருவரும் வாரத்துக்கு ஒருமுறையாவது போனில் பேசிக்கொள்வார்கள்.

"கூட்டிட்டு வாங்கக்கா" என்றாள் ஓரகத்தி போனில். "காரை மட்டும் இல்ல, அவரையும்."

"வரமாட்டாரு."

"சூடாகிற வண்டியில நீங்க தனியா வர்றதுன்னா அவருக்கு மனசு கேக்குமா? பாருங்க, வருவாரு."

அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமை காலை அவள் சாவியை எடுத்ததும் வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நான் ஓட்டுறேன். வழியில நின்னுட்டா என்ன பண்ணுவே?" என்றார். பிறகு, "ஆனா நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன்" என்றார்.

"இறங்காதீங்க. யாரு இறங்கச் சொன்னா?"

ஷெட்டுக்குள் கார் நுழைந்ததும் மூக்கன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "வாங்க அண்ணி" என்றான். டிரைவர் சீட்டில் இருந்தவரை ஒருமுறை பார்த்தான். அவர் எதிரே ஆணியில் வரிசையாகத் தொங்கிய ஸ்பானர்களை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆற விடணும் அண்ணி. சூட்டோட மூடியைத் திறந்தா முகம் வெந்துடும். அதுக்குள்ள கதையைச் சொல்லுங்க."

அவள் ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தாள். நோயாளிகளுக்கு வலி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று எழுதிவைப்பது போல, முள் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று மூன்று வாரமாகக் குறித்திருந்தாள். மூக்கன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தான்.

"ஹீட்டர் போட்டா சூடா வருதா?"

"ஓடும்போது வருது. நின்னா பச்சைத் தண்ணி மாதிரி காத்து வருது."

"தண்ணி குறையுதா?"

"வாரத்துக்கு ஒருமுறை ஊத்துறேன். ஆனா கீழே ஒரு சொட்டு கிடையாது. அட்டையெல்லாம் விரிச்சுப் பார்த்துட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அட்டை விரிச்சுப் பார்த்தீங்களா? நீங்க என் கிட்ட வேலைக்கு வந்துடுங்க அண்ணி."

இஞ்சின் ஆறியதும் வேலையை ஆரம்பித்தான். ரேடியேட்டரைத் திறந்தபோது இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் அரை லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. அதை நிரப்பி, ரேடியேட்டர் வாயில் ஒரு கைப் பம்பைப் பொருத்தி அழுத்தம் கொடுத்தான். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தும் பம்பின் முள் இறங்கவில்லை. எங்கேயும் ஒழுகவில்லை என்று அர்த்தம். அடுத்து இஞ்சினை ஓடவிட்டு, நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்றை ரேடியேட்டர் வாயில் வைத்தான். கேஸ்கெட் போயிருந்தால் இஞ்சினுக்குள் எரிந்த புகை தண்ணீரில் கலந்து மேலே வரும், நீலம் மஞ்சளாகிவிடும் என்றான்.

அவள் குழாயையே பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. நீலம் நீலமாகவே இருந்தது.

"இஞ்சினை இறக்க வேண்டாம் அண்ணி. கேஸ்கெட் கல்லு மாதிரி இருக்கு."

அவள் நோட்டை அவனிடமிருந்து வாங்கிப் பையில் போட்டாள்.

"அப்ப என்னதான் கோளாறு?"

"அதை வண்டிதான் சொல்லணும். நல்லா சூடாக்கிப் பார்ப்போம். நான் இங்க குனிஞ்சிருப்பேன், முள்ளு எனக்குத் தெரியாது. ஒருத்தர் உள்ள இருந்து சொல்லணும்." அண்ணன் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தான்: "அண்ணி, ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க."

அவள் காரின் பக்கம் திரும்பினாள். "லேசா மிதிச்சுப் பிடிக்கணுமாம்."

"காது கேக்குது எனக்கு" என்றார் வாத்தியார். மிதித்தார்.

"அண்ணி, முள்ளு எங்க நிக்குதுன்னு கேளுங்க."

"முள்ளு எங்க நிக்குதுன்னு கேக்குறாரு."

"நடுவுலன்னு சொல்லு."

"நடுவுலயாம்."

இரண்டு கஜ தூரத்தில் இருந்த இரண்டு பேருக்கு நடுவில் அவள் தபால்காரி மாதிரி நின்றாள். நாலைந்து தடவை இப்படியே நடந்தது. ஷெட்டை ஒட்டியிருந்த வீட்டுக்குள்ளிருந்து ஓரகத்தி, "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டதில் ஒரு காரியமும் இல்லை என்பது முட்டி டாக்டருக்கும் தெரியும். "இதோ வர்றேன்" என்று வேகமாகவே போனாள்.

சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் ஷெட் தெரியும். ஓரகத்தி டீயைக் கலந்துவிட்டு ஊற்றாமலே நின்றாள்.

ஷெட்டில் இஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது. மூக்கனுடைய தலை பானட்டுக்கு அடியில் இருந்தது. அவனுக்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். பக்கத்தில் யாரும் இல்லை.

"முள்ளு எங்க நிக்குது?" என்றான், பொதுவாக, இஞ்சினைப் பார்த்து.

காரில் இருந்த வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நடுவுக்குக் கொஞ்சம் மேல."

"ம். இப்ப?"

"ஏறுது. முக்கால்."

"ஹீட்டர்ல கையை வை."

"குளிரா வருது. டேய், இன்னும் ஏறுது. நிறுத்திடவா?"

"வேணாம், பிடிச்சிரு. நான் சொல்றப்ப நிறுத்து."

சட்டென்று முள் விழுந்தது. "இறங்கிடுச்சுடா! பாதிக்கும் கீழ போயிடுச்சு!" என்று வாத்தியார் கத்தினார். அதே நேரத்தில் மூக்கன் தலையை இடதும் வலதுமாகத் திருப்பி, மூக்கை முன்னால் நீட்டி மோப்பம் பிடித்தான். ஜன்னலில் ஓரகத்திகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"இனிப்பா ஒரு வாசனை வருதா?" என்றான் மூக்கன்.

"இங்க உள்ள ஒண்ணும் வரலையே."

"இங்க வருது."

இஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று இருந்தது. அவன் டார்ச்சையும், குச்சியில் ஒட்டிய சின்னக் கண்ணாடி ஒன்றையும் உள்ளே விட்டான். ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் என்ற இரும்பு வளையம் கடிக்கும் இடத்தில், வெள்ளையாக உப்புப் பூத்தது போல ஒரு படிவு. அதன் நடுவில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு சொட்டு பிதுங்கி, கீழே கொதித்துக்கொண்டிருந்த சைலன்சர் குழாய் மேல் விழுந்து 'சுஸ்' என்று ஆவியாகிப் போனது.

"நிறுத்து! இறங்கி வா, காட்டுறேன்!"

வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று சொன்ன மனிதர் இறங்கினார். குனிந்தார். கண்ணாடியில் தெரியாமல் இன்னும் குனிந்தார். தம்பி அவர் பிடரியைப் பிடித்துத் தலையைச் சரியான பக்கம் திருப்பிவிட்டான்.

"அதான் கீழ சொட்டே விழல" என்றார் வாத்தியார்.

"ஆமா. ஆறியிருக்கும்போது ரப்பர் இறுகி மூடிக்குது, பம்பு வச்சாலும் தெரியாது. சூடாகி அழுத்தம் ஏறினாதான் வாயைத் திறக்குது. அப்புறம் வண்டி ஆறும்போது அதே ஓட்டை வழியா காத்தை உள்ள இழுத்துக்குது. அந்தக் காத்து உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. தண்ணி ஓட்டத்தை அடைச்சா முள்ளு ஏறும், விலகிப் போச்சுன்னா விழும்."

புது ஹோஸைப் போட்டுப் புதுக் கிளாம்பை முடுக்க அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவதுதான் பொறுமையான வேலை. காரின் முன்சக்கரங்களைச் சரிவுப் பலகையில் ஏற்றி, முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தினார்கள். மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுதாகப் போட்டு, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டார்கள். கூலன்டை ஊற்ற ஊற்ற ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்து உடைந்தன. மேல் ஹோஸைத் துணி சுற்றி அழுத்திவிட வேண்டியிருந்தது. அதை வாத்தியார் செய்தார்.

"அந்த மூணாவது ஆளு கையைக்கூட வெளியே எடுக்காம கேஸ்கெட்னுட்டானே. அவனை என்ன பண்றது?" என்றார்.

"கேஸ்கெட்டும் போகக்கூடிய சாமான்தான். சொன்னதுல ஒண்ணும் இல்ல. பார்க்காம சொன்னாரு பாரு, அதுதான் தப்பு."

மூக்கன் யாரையும் மனதில் வைத்து அதைச் சொல்லவில்லை. ஆனால் வாத்தியாரின் கை ஹோஸின் மேலேயே நின்றுவிட்டது. இரண்டு மூன்று குமிழிகள் வந்து உடைந்தன.

"அன்னைக்கு பிரேக் நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார்.

மூக்கன் கூலன்ட் கேனைக் கீழே வைத்தான்.

"நான் மிதிக்கவே இல்ல. கண்ணு அசந்துட்டேன். முழிச்சப்ப லாரி கண்ணாடி முழுக்க நின்னுச்சு. ஆஸ்பத்திரியில என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. டிரைவிங் சொல்லிக் கொடுக்குறவன், தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? வாயில அதுதான் வந்துச்சு. அப்புறம் திருப்பி எடுக்க முடியல."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"உடைஞ்ச வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத்தானே இழுத்துட்டு வந்தாங்க. அன்னைக்கு சாயங்காலமே நாலு சக்கரத்தையும் கழட்டிப் பார்த்தேன். எல்லாம் போட்டது போட்டபடி இருந்துச்சு. முதலாளி கிட்ட காட்டினேன். 'உங்க அண்ணனே சொல்றாரேப்பா'ன்னுட்டாரு."

"என் கிட்ட வந்து சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமேடா."

"கேக்கத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் காலைக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. மனசு வரல. அடுத்த வாரம் வேலை போச்சு. அப்புறம் உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கல."

வாத்தியார் துணியைக் கையில் முறுக்கினார். "என்னை மன்னிச்சுடு" என்றார்.

மூக்கன் கேனை எடுத்து இன்னும் கொஞ்சம் கூலன்டை ஊற்றினான். "அதெல்லாம் மெதுவா வரட்டும்" என்றான். "நீ அந்த முதலாளி கிட்ட போய்ச் சொல்லணும். எனக்கு அந்த வேலை வேணாம். ஆனா அங்க எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லணும்."

"நாளைக்கே போறேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூட்டித்தான் கிடக்கும்."

"சரி, திங்கக்கிழமை."

"ஹோஸை அழுத்து. இன்னும் காத்து வருது பாரு."

அப்போது ஓரகத்தி டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று அம்மாவின் உடையைப் பிடித்துக்கொண்டு வந்தது. சண்டைக்குப் பிறகு பிறந்தவள், வாத்தியாரைப் பார்த்ததே இல்லை. "இது யாரு?" என்று விரலை நீட்டிக் கேட்டாள்.

மூக்கன்தான் சொன்னான். "உன் பெரியப்பா."

"ஏன் அழறாரு?"

"கூலன்ட் கண்ணுல பட்டுடுச்சு" என்றார் வாத்தியார் அவசரமாக.

ஃபேன் இரண்டுமுறை தானாக ஓடி நின்றது. குமிழிகள் அடங்கின. மூடியை இறுக்கி, மதியம் அந்த மேட்டுச் சாலையில் ஏற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். இந்த முறை அவள் ஓட்டினாள், வாத்தியார் பக்கத்தில். மூக்கன் பின்னால் உட்கார்ந்து, நடுவில் தலையை நீட்டி டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தான். முள் நடுவுக்கு வந்தது. மேட்டின் பாதியில் ஒரு மண் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோதும், உச்சியில் ஐந்து நிமிடம் நிறுத்தி ஓடவிட்டபோதும், அது அங்கேயே நின்றது. ஹீட்டர் காற்று அனலாக வந்தது. வெயிலில் மூன்று பேரும் வியர்த்து வழிந்தும் யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

அன்று வீடு திரும்பும் வழியில் வாத்தியார் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"உங்க வலது கால் நாலு வருஷம் முன்னாடியே என் கிட்ட சொல்லிடுச்சு" என்றாள் அவள்.

"அப்ப ஏன் கேக்கல?"

"பார்க்காத விஷயம். தப்பா இருந்துட்டா? இடிக்குதுன்னு மட்டும் தெரியும்." பிறகு, "கேட்டிருக்கணும்" என்றாள். "அந்தத் தப்பு என்னோடது."

திங்கட்கிழமை காலை அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். வாசலில் நின்று இரண்டுமுறை திரும்பிப்போகப் பார்த்ததாக அவரே பின்னால் சொன்னார். முதலாளி அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். "இல்லைங்க, இங்கயே சொல்லிடுறேன்" என்று, ஏழெட்டு மெக்கானிக்குகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க, நடுக்கூடத்தில் நின்று சொன்னார். முதலாளிக்கு முகம் கறுத்தது. "இதைச் சொல்ல நாலு வருஷமாய்யா?" என்று கேட்டார். மறுநாள் முதலாளியே மூக்கனுக்குப் போன் செய்தார். என்ன பேசினார்கள் என்று மூக்கன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை ஷெட்டை மூடிவிட்டு வீட்டுக்குள் வரும்போது விசில் அடித்துக்கொண்டே வந்ததாக ஓரகத்தி போனில் சொன்னாள்.

டிரைவிங் ஸ்கூலிலும் வாத்தியார் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வேறு ஆளிடம் மாறிக்கொண்டார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். அப்போதிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே, கண் சொருகினால் ஓரமாக நிறுத்துவது எப்படி என்பதுதான். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

அண்ணன் தம்பிக்குள் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்கன் வந்துவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விடுவான். ஒருமுறை வாத்தியார் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போய், அவன் முகம் பழையபடி இறுகிவிட்டது. ஆனாலும் அடுத்த வாரம் வந்தான்.

மழை விட்ட ஒரு வாரத்தில் ஓரகத்தி வாத்தியாரிடம் கேட்டாள், "மாமா, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுப்பீங்களா? இவரு சொல்லிக்கொடுத்தா பத்து நிமிஷத்துல நாங்க டைவர்ஸ் கோர்ட்ல நிப்போம்."

ஒரு மைதானத்தில் முதல் வகுப்பு நடந்தது. அவள் கிளட்சைச் சட்டென்று விட்டு நான்குமுறை வண்டியை நிறுத்திவிட்டாள். ஐந்தாவது முறை குதித்துக் குதித்து நகர்ந்தது. மைதானத்து ஓரத்தில் முட்டி டாக்டரும் மூக்கனும், தோளில் குழந்தையுமாக, பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் கத்தவே இல்ல பாருங்க" என்றான் மூக்கன் ஆச்சரியமாக. "எனக்குச் சொல்லிக்கொடுத்தப்ப என்னமா கத்தினாரு."

"உங்களுக்கும் வேணும்னா மறுபடி முதல்ல இருந்து சேர்ந்துக்கலாமே" என்றாள் அவள்.

கார் ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பி அவர்களைப் பார்த்து வந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த ஓரகத்தி, கையை எடுக்க முடியாமல், தலையை மட்டும் ஆட்டிச் சிரித்தாள்.